எலியின் மூச்சை எண்ணலாம், எண்ணாததை எண்ணியதாகச் சொல்லக் கூடாது



கொஞ்சம் நீளமான பதிவு இது. டீயோ காபியோ கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். படிக்காமலே லைக் போட்டுவிட்டுப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷம் கடைசி பெஞ்சைப் பார்த்த கண் இது.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு தம்பி எழுதியிருந்தார். மருந்து ஆராய்ச்சியில் இருக்கிறார். "டீச்சர், இப்பல்லாம் எலியைக் கீறவும் வேண்டாம், மயக்கவும் வேண்டாம். ஒரு பெட்டிக்குள்ள விட்டாப் போதும், அதுக்கு மூச்சுக்குழாய் எவ்வளவு சுருங்கியிருக்குன்னு கம்ப்யூட்டர்லயே நம்பர் வந்துடும்." நிறையப் பேர் கைதட்டினீர்கள். நான் தட்டவில்லை. அதற்கு இரண்டு பேர் தனியாகச் செய்தி அனுப்பி, "டீச்சருக்கு அறிவியல் வளர்ச்சி பிடிக்கலையா?" என்று கேட்டார்கள். பதில் எல்லோருக்கும் பொதுவாகவே சொல்கிறேன்.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பெட்டி மேலும் கோபம் இல்லை, அது நல்ல பெட்டி. பெட்டி சொல்லாத ஒன்றை அது சொன்னதாக எழுதுகிறார்களே, அதன்மேல்தான் கோபம்.

முதலில் பெட்டியைப் புரிந்துகொள்வோம். நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான். ஆனால் இதைப் புரிந்துகொள்ள எட்டாம் வகுப்பு அறிவியல் போதும்.

ஒரு சுண்டெலியின் எடை 20 முதல் 30 கிராம். ஒரு மூச்சில் அது உள்ளே இழுக்கும் காற்று சுமார் 0.2 மி.லி. அதாவது மருந்துக்கடை சொட்டுக்குழலில் நாலைந்து சொட்டு. அமைதியாக இருக்கும்போதே நிமிடத்துக்கு நூறு, இருநூறு முறை மூச்சு விடும். மோப்பம் பிடிக்கத் தொடங்கினால் ஒரு விநாடிக்குள்ளேயே ஆறு, எட்டு, பத்து என்று போகும். ஆஸ்பத்திரியில் நம் பிள்ளைகளிடம் "நல்லா இழு, ம்... ஊது, ஊது, ஊது" என்று சொல்லி அளக்கிறார்களே, அதை எலியிடம் சொல்ல முடியாது. கைக்குழந்தையிடமும் சொல்ல முடியாது.

கைக்குழந்தை என்று சும்மா சொல்லவில்லை. இந்தப் பெட்டிக் கணக்குக்கு அடிப்படையே பிறந்த குழந்தைகளுக்காகச் செய்த வேலைதான். 1955இல் அமெரிக்காவில் டிரோர்பா, ஃபென் என்ற இருவர், குழந்தையை ஒரு மூடிய அறைக்குள் படுக்கவைத்து, அறைக்குள் காற்றழுத்தம் ஏறி இறங்குவதை வைத்து, குழந்தை ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று இழுக்கிறது என்று கணக்கிட்டார்கள். அதற்கு முந்தைய வருஷம் சேப்பின் என்பவர் வெள்ளெலியை வைத்து இதே வகையில் அளந்திருந்தார்.

இங்கே ஒரு கேள்வி கேட்கிறேன், யோசித்துப் பாருங்கள். மூடிய பெட்டிக்குள் எலி இருக்கிறது. பெட்டிக் காற்று எலியின் நுரையீரலுக்குள் போகிறது. போன அளவுக்கு எலியின் மார்பு விரிகிறது. வெளியே குறைந்ததும் உள்ளே கூடியதும் சமம். பிறகு பெட்டியின் அழுத்தம் ஏன் மாற வேண்டும்?

காரணம் வெப்பமும் ஈரமும். பெட்டிக் காற்று 22 டிகிரி இருக்கும், எலியின் உடம்புக்குள் 37 டிகிரி. உள்ளே போன காற்று சூடாகிறது, நீராவியும் சேர்கிறது. சூடானால் காற்று விரியும் என்று ஆறாம் வகுப்பிலேயே பலூனை வைத்துக் காட்டியிருக்கிறேன். கணக்குப் போட்டால் அந்த 0.2 மி.லி. காற்று ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு விரியும், அதாவது 0.02 மி.லி. அரை லிட்டர் பெட்டியில் இதனால் ஏறும் அழுத்தம், நீர் மட்டத்தில் சொன்னால், சுமார் அரை மில்லிமீட்டர். கண்ணுக்கே சரியாகத் தெரியாத இந்த ஏற்றத்தைக் கருவி பிடிக்கிறது. உண்மையிலேயே அழகான வேலை அது.

இப்படிப் பிடித்த அழுத்தத்திலிருந்து என்னென்ன சொல்லலாம்? நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று சொல்லலாம். இழுக்க எவ்வளவு நேரம், விட எவ்வளவு நேரம் என்று சொல்லலாம். இடையில் மூச்சு நின்று நின்று வந்ததா என்று சொல்லலாம். எலியின் உடல் வெப்பம், பெட்டியின் வெப்பம், ஈரப்பதம் மூன்றையும் ஒழுங்காக அளந்திருந்தால், ஒரு மூச்சின் அளவையும் சொல்லலாம். கரியமில வாயுவைக் கூட்டினால் மூச்சு எப்படி மாறுகிறது, ஆக்சிஜனைக் குறைத்தால் எப்படி மாறுகிறது என்பதையும் பார்க்கலாம். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஆக்சிஜன் குறைந்தால் சுண்டெலியின் உடல் வெப்பமே இறங்கிவிடும். அப்போதும் 37 டிகிரி என்றே வைத்துக் கணக்குப் போட்டால் விடை தப்பாகும்.

இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. புது மருந்தை மனிதர்களுக்குக் கொடுக்கும் முன் இதயம்-இரத்த ஓட்டம், நரம்பு மண்டலம், மூச்சு ஆகிய மூன்றையும் அது கெடுக்கிறதா என்று பார்க்க வேண்டும் என 2000ஆம் ஆண்டிலேயே உலக அளவில் ஒரு வழிகாட்டு நெறியை ஏற்றார்கள். எலி மூச்சு விடுவதைச் சும்மா கண்ணால் பார்த்து எழுதினால் போதாது, அளக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. மார்ஃபின் வகை மருந்துகள் வலியைக் குறைக்கும், அளவு மிஞ்சினால் மூச்சையே நிறுத்திவிடும். அப்படிப்பட்ட ஆபத்தை முன்கூட்டியே காட்ட இந்தப் பெட்டி உதவுகிறது. அதற்கு என் வணக்கம்.

இனிமேல்தான் சண்டை.

ஆஸ்துமாவில் நடப்பது என்ன? மூச்சுக்குழாய் சுருங்குகிறது, காற்றுப் போக வழி குறுகுகிறது. நம் குடும்பத்திலேயே இன்ஹேலர் இல்லாமல் வெளியே போகாத பிள்ளைகள் இருக்கிறார்கள். மார்கழிப் பனியில் ராத்திரி நெபுலைசர் வைத்து உட்கார்ந்திருந்த தாய்மார்களும் இதைப் படிக்கிறீர்கள். காற்றுப் போகும் வழியில் இருக்கும் தடைக்கு அளவு உண்டு. எவ்வளவு அழுத்தம் கொடுத்தால் விநாடிக்கு எவ்வளவு காற்று ஓடுகிறது என்று இரண்டையும் அளந்து வகுத்தால் அது வரும். ரப்பர் குழாயில் தண்ணீர் விடும்போது கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

1997இல் அமெரிக்காவின் டென்வர் நகர ஆய்வாளர்கள், ஹாமெல்மன் என்பவரை முதல் ஆசிரியராகக் கொண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒவ்வாமை உண்டாக்கிய சுண்டெலிகளைப் பெட்டிக்குள் சுதந்திரமாக விட்டு, மூச்சுக்குழாயைச் சுருக்கும் மெத்தகோலின் என்ற மருந்தைப் புகையாகச் செலுத்தி, 'பென்-எச்' என்ற ஓர் எண்ணைக் கணக்கிட்டார்கள். எலி மூச்சை விடும்போது பெட்டியில் வரும் உச்ச அழுத்தத்தை, இழுக்கும்போது வரும் உச்ச அழுத்தத்தால் வகுக்க வேண்டும். மூச்சு விடும் நேரம் எப்படிப் பிரிந்திருக்கிறது என்பதிலிருந்து எடுத்த இன்னொரு எண்ணால் அதைப் பெருக்க வேண்டும். மெத்தகோலின் கூடக் கூட பென்-எச் கூடியது. தனியாக அளந்த மூச்சுக்குழாய்த் தடையும் கூடியது. ஆகவே இதை வைத்து அதைச் சொல்லலாம் என்றார்கள்.

உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்கள் இதைப் பிடித்துக்கொண்டன. பிடிக்காமல் என்ன செய்யும்? எலியை உள்ளே விடு, மூடியைப் போடு, நம்பர் வரும். மத்தியானத்துக்குள் இருபது எலி முடியும்.

சூத்திரத்தைத் திரும்பப் பாருங்கள். அதில் மூச்சுக்குழாய் எங்கே இருக்கிறது? எலியின் நுரையீரலுக்குள் இருக்கும் அழுத்தம் எங்கே? மூக்கு வழியாக ஓடும் காற்றின் வேகம் எங்கே? மூன்றையும் காணோம். இருப்பதெல்லாம் பெட்டியின் அழுத்தமும் நேரமும்தான். அந்த அழுத்தமும் பெரும்பாலும் காற்று சூடானதால், ஈரமானதால் வந்தது.

இது டீச்சரின் ஊகம் என்று நினைக்க வேண்டாம். 2002இல் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லண்ட்பிளாட், இர்வின், ஆட்லர், பேட்ஸ் ஆகியோர் ஓர் எளிய வேலை செய்தார்கள். பெட்டிக் காற்றையே எலியின் உடம்பு அளவுக்குச் சூடாக்கி, ஈரமாக்கி வைத்தார்கள். எலி அதே எலி, மூச்சுக்குழாய் அதே மூச்சுக்குழாய். பெட்டி அழுத்தத்தின் ஏற்ற இறக்கம் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போனது. மிச்சம் இருந்த ஒரு பங்கில்தான் மூச்சுக்குழாய்த் தடையின் செய்தி இருந்தது. அதைப் படிக்க வேண்டுமானால் நுரையீரலில் மீதமிருக்கும் காற்றின் அளவையும், ஒரு மூச்சின் அளவையும் தனியாக அளக்க வேண்டும், பெட்டிக் காற்றையும் முன்கூட்டியே உடம்பு நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று எழுதினார்கள். 2004இல் அதே அணியினர் பால்ப்-சி, சி57 என்ற இரண்டு வகைச் சுண்டெலிகளில் சோதித்து, மூச்சுக்குழாயின் எதிர்வினையைக் காட்ட இந்த முறை நம்பத்தக்கதல்ல என்று கட்டுரைத் தலைப்பிலேயே எழுதிவிட்டார்கள். ஆய்வுக்கூடங்களில் மிக அதிகமாகப் புழங்கும் வகைகளில் இவை இரண்டும் சேரும். அதே 2004இல் பல நாடுகளின் நுரையீரல் அறிஞர்கள் சேர்ந்து கையெழுத்திட்டு, பென்-எச்சின் பயன்பாடும் தவறான பயன்பாடும் என்று ஓர் எச்சரிக்கைக் கடிதமே வெளியிட்டார்கள்.

இத்தனைக்கும் பிறகு அந்தத் தம்பி, "மூச்சுக்குழாய் எவ்வளவு சுருங்கியிருக்குன்னு நம்பர் வந்துடும்" என்று எழுதுகிறார். நீங்கள் கைதட்டுகிறீர்கள்.

"ரெண்டும் சேர்ந்துதானே கூடுது டீச்சர்?" என்பீர்கள். நல்ல மழை பெய்தால் தவளைச் சத்தமும் கூடும். அதற்காகத் தவளைச் சத்தத்தை எண்ணி, இன்று 42 மில்லிமீட்டர் மழை என்று எழுதுவீர்களா? மழை பெய்யாமலும் தவளை கத்தும். பாம்பு வந்தால் மழையிலும் வாயை மூடிக்கொள்ளும். எலியும் அப்படித்தான். பயந்தால் அதன் மூச்சின் தாளம் மாறும். மோப்பம் பிடித்தால் மாறும். மூளையைத் தொடும் மருந்தைக் கொடுத்தால் மாறும். பெட்டி சூடானால் அழுத்தமே மாறும். இதில் எது நடந்தாலும் பென்-எச் மாறலாம், மூச்சுக்குழாய் துளியும் சுருங்காமலே.

"அலகு இல்லாத எண், அதனால் தப்பா?" என்று ஒருவர் கேட்டார். இல்லை. ஒப்படர்த்திக்கும் அலகு கிடையாது, ஏழாம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஆனால் ஒப்படர்த்தி 2 என்றால் தண்ணீரைப் போல இரண்டு மடங்கு அடர்த்தி என்று ஒரு குழந்தை சொல்லிவிடும். பென்-எச் 2 என்றால் எதைப் போல எது இரண்டு மடங்கு? இதற்கு விடை சொல்லிவிட்டுக் கைதட்டுங்கள்.

இப்போது எதிர்த்தரப்பின் பலமான வாதத்துக்கு வருகிறேன். அதை ஒதுக்கிவிட்டுப் பேசினால் நியாயமாகாது. "டீச்சர், மூச்சுக்குழாய்த் தடையை நேரடியாக அளக்கணும்னா எலிக்கு மயக்க மருந்து கொடுத்து, தொண்டையில் துளையிட்டு, குழாய் செருகி, செயற்கை மூச்சுக் கருவியில் மாட்டணும். பெரும்பாலும் அந்த எலி திரும்ப எழாது. பெட்டியில விட்டா அதுக்கு வலியே இல்லை. நாளைக்கும் அதே எலியை அளக்கலாம். நீங்கதானே எங்களுக்கு ஜீவகாருண்யம் சொல்லிக் கொடுத்தீங்க?"

சொல்லிக் கொடுத்தேன், இப்போதும் சொல்கிறேன். எலிக்கு வலிக்காத முறை வேண்டும் என்பதில் நமக்குள் சண்டையே இல்லை. 1959இல் இங்கிலாந்தின் ரஸ்ஸல், பர்ச் இருவரும் எழுதிய புத்தகம் மூன்று கடமைகளைச் சொன்னது. விலங்குக்கு மாற்று உண்டா என்று பார். எண்ணிக்கையைக் குறை. துன்பத்தைக் குறைக்கும்படி முறையைத் திருத்து. நம் நாட்டிலும் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், தவிர்க்க முடிந்த இடத்தில் விலங்குச் சோதனையைத் தவிர்க்கச் சொல்கிறது.

ஆனால் அந்தப் பெட்டி எலிக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். முட்டைப் புரதத்தை ஊசியில் ஏற்றி அதற்கு ஒவ்வாமை உண்டாக்கினீர்கள். நுரையீரல் வீங்கச் செய்தீர்கள். முடிவில் அதைக் கொன்று நுரையீரலை வெட்டிப் பார்த்தீர்கள். இத்தனையும் செய்துவிட்டு நடுவில் எடுத்த அளவு, நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை சொல்லாத அளவு என்றால், அந்த உயிர் எதற்குப் போனது? விடை தெளியாததால் அடுத்தவர் அதே சோதனையை இன்னும் இருபது எலிகளில் செய்வார். பெட்டிக்குள் இருந்த அரை மணி நேரத்துக்கு மட்டும் காட்டிய இரக்கத்தை வைத்துக்கொண்டு ஜீவகாருண்யம் பேசாதீர்கள்.

உண்மை என்னவென்றால் இதில் இலவசம் எதுவும் இல்லை. 2003இல் பேட்ஸும் இர்வினும் இதை நேர்மையாக எழுதினார்கள். எலியை எவ்வளவு இயல்பாக விடுகிறோமோ அவ்வளவு அளவின் துல்லியம் குறையும். துல்லியம் கூட வேண்டுமானால் எலியின் இயல்பு நிலையைக் கெடுத்தாக வேண்டும். நடுவழியாகச் சில முறைகளும் உண்டு. எலியின் தலை ஓர் அறையிலும் உடல் ஓர் அறையிலும் இருக்கும்படி வைத்து, இரண்டு பக்கத்துக் காற்றோட்டத்தையும் அளப்பது அதில் ஒன்று. பென்னாக் என்பவர் 1979இல் எழுதிய முறையின் வழியில் வந்தது. மயக்கம் வேண்டாம், ஆனால் எலியை இறுக்கிப் பிடிக்க வேண்டும், அது மிரளும். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. எந்த விலையைக் கொடுத்தோம் என்று சொல்லிவிடு, அவ்வளவுதான் நான் கேட்பது.

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு சூடு என்று உறவினர்களுக்குத் தோன்றலாம். வாழ்க்கை முழுக்க இதைப் பார்த்தவள் நான். ஒரு பள்ளியில் ஆய்வுக்கு வந்த அலுவலர் ஒருவர், பிள்ளைகளின் நோட்டுகளில் எத்தனை பக்கம் நிரம்பியிருக்கிறது என்று எண்ணி, 'கற்றல் அடைவு' என்ற தலைப்பின் கீழ் அந்த எண்ணை எழுதிக்கொண்டு போனார். கரும்பலகையைப் பார்த்து அச்சாக வரைந்து நிரப்பிய, ஒரு வரி கூட வாசிக்கத் தெரியாத பையனுக்கு அன்றைக்கு முதலிடம். வாய்ப்பாடு முழுக்க மனப்பாடமாகச் சொல்லும், ஆனால் நோட்டு வாங்கக் காசில்லாத பெண்ணுக்குக் கடைசி இடம். பக்கத்தை எண்ணுவது சுலபம், பாடம் ஏறியதா என்று பார்ப்பது கஷ்டம். சுலபமானதை எண்ணிவிட்டுக் கஷ்டமானதின் பெயரை அதற்குச் சூட்டுவது ஒரு வியாதி. அந்த வியாதி பள்ளிக்கூடத்திலும் உண்டு, ஆய்வுக்கூடத்திலும் உண்டு.

ஆய்வுக்கூடத்தில் அதன் விளைவு இன்னும் பெரிது. ஒரு மருந்து எலியைச் சற்று மந்தமாக்கி, மூச்சின் தாளத்தை மாற்றி, பென்-எச்சைக் குறைத்துவிட்டால், "ஆஸ்துமா குறைந்தது" என்று கட்டுரை வந்துவிடலாம். உண்மையிலேயே குழாயை விரிக்கும் மருந்து பென்-எச்சை அசைக்காமல் இருந்தால் அது குப்பைக்குப் போகலாம். இரண்டிலும் நஷ்டம் நெபுலைசர் வைத்து உட்கார்ந்திருக்கும் தாய்க்குத்தான்.

பழைய ஆட்கள் இதில் நமக்கு வழி காட்டியிருக்கிறார்கள். 1780களில் பாரிசில் லவாய்சியரும் லாப்லாசும் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தில் வைத்து, அதன் உடல் வெப்பத்தால் எவ்வளவு பனி உருகியது என்று தண்ணீரை எடை போட்டார்கள். அது விட்ட கரியமில வாயுவோடு அதை ஒப்பிட்டு, மூச்சு விடுவதும் மெதுவாக எரிவதும் ஒரே வகை வேலை என்றார்கள். எடை போட்டது தண்ணீர் என்றால், தண்ணீர் என்றே எழுதினார்கள். அதிலிருந்து வெப்பத்துக்குப் போன படியைத் தனியாக எழுதினார்கள். அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் அவர்கள் எங்கே சரி, எங்கே தவறு என்று நம்மால் சரிபார்க்க முடிகிறது.

ஆகவே ஆய்வில் இருக்கும் என் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். வேண்டுகோள் என்று எடுத்துக்கொண்டாலும் சரி, டீச்சரின் உத்தரவு என்று எடுத்துக்கொண்டாலும் சரி.

பெட்டியில் அளந்தால் பெட்டி சொன்னதை மட்டும் எழுது. மூச்சின் எண்ணிக்கை, நேரம், நிறுத்தம், திருத்தம் செய்த மூச்சளவு. பெட்டியின் வெப்பமும் ஈரப்பதமும் எலியின் உடல் வெப்பமும் கூடவே இருக்கட்டும். எலியைப் புதுப் பெட்டியில் போட்டவுடன் பதிவைத் தொடங்காதே. அது மோந்து பார்த்து, சுற்றி வந்து, அடங்கும் வரை காத்திரு.

பென்-எச் கணக்கிட்டால் பென்-எச் என்றே எழுது. 'மூச்சுக்குழாய்த் தடை' என்று எழுதாதே. மூச்சுக்குழாய் பற்றித்தான் சொல்ல வேண்டும் என்றால், சில எலிகளிலாவது நேரடியாக அளந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வை. அவை ஒத்துப்போகவில்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுது.

விலங்கு ஆய்வு நெறிக்குழுக்களில் உட்கார்ந்திருக்கும் மாணவர்களே, "எலிக்கு வலிக்குமா?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "இந்த அளவு உங்கள் கேள்விக்கு விடை சொல்லுமா?" என்றும் கேளுங்கள். விடை சொல்லாத சோதனைக்கு ஓர் எலி கூட அதிகம்.

உறவுகளுக்கு ஒன்று. "எலிகளில் ஆஸ்துமா குணமானது, விஞ்ஞானிகள் சாதனை" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் குடும்பக் குழுவில் உடனே தள்ளிவிடாதீர்கள். எதை அளந்தார்கள் என்று ஒரு தடவை பாருங்கள். தெரியவில்லை என்றால் நம் பிள்ளைகளில் இந்தத் துறையில் இருப்பவர்களைக் கேளுங்கள். பிள்ளைக்கு டாக்டர் கொடுத்த இன்ஹேலரை மட்டும் எந்தச் செய்தியை நம்பியும் நிறுத்தாதீர்கள்.

அந்தத் தம்பிக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. உன் கணக்கு நோட்டில் விடை சரியாக இருந்தாலும் வழிமுறை இல்லையென்றால் பாதி மதிப்பெண்தான் போடுவேன், ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு நீ என்னோடு சண்டை போட்டாய். இன்றைக்கும் போடலாம். கீழே எழுது, எல்லோரும் படிக்கட்டும். ஆனால் பென்-எச் 2 என்றால் எதைப் போல எது இரண்டு மடங்கு என்பதற்கு விடையோடு வா.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
(உறவுகளுக்கு அத்தை, சித்தி, பெரியம்மா)